உப்பைத் தின்னவன் தண்ணி குடிச்சா... காலி!



பழனிக்காரனா பொறந்ததுல ஒரு லாபம் இருக்கு. லீவு முடிஞ்சு ஹாஸ்டலுக்குக் கிளம்பும்போது அம்மா பையில ஒரு பஞ்சாமிர்த டப்பா வைப்பாங்க. அது ரூமுக்கு வந்து சேர்ந்த பத்தாவது நிமிஷம் நம்மளைவிட பெரிய ஹீரோ ஆயிடும். பக்கத்து ரூம், எதிர் ரூம், பேரே தெரியாத சீனியர்னு அத்தனை பேரும் ஸ்பூனோட ஆஜர்!

போன செமஸ்டர்ல என் ரூம்மேட் ஒரு கேள்வி கேட்டான். "டேய், மெஸ்ஸுல மத்தியானம் வச்ச சாம்பார் ராத்திரிக்கே ஊசிப்போகுது. இந்த டப்பா மூணு வாரமா ஜன்னல் ஓரத்துல கெடக்கு. வாழைப்பழம்தானே இது? ஏன் கெடல?"

பயோடெக் படிக்கிறவன்கிட்ட கேட்டா பதில் சொல்லணும்ல? அந்தப் பதிலைத் தேடிப்போனவன்தான் தூத்துக்குடி உப்பளம், திண்டுக்கல் தோல் ஷாப், மகாராஷ்டிராவுல ஒரு ஏரின்னு சுத்திட்டு, நடுவுல ஒரு கூட்டக் கொலையும் செஞ்சுட்டு வந்து நிக்கறேன். அந்தக் கதைதான் இந்த வாரம்.

இனிப்பும் உப்பும் ஒரே கட்சி

பழனி பஞ்சாமிர்தத்துக்கு 2019-ல புவிசார் குறியீடு கிடைச்சது உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். அது செய்யும்போது ஒரு சொட்டுத் தண்ணிகூட சேர்க்க மாட்டாங்க. வாழைப்பழம், சர்க்கரை, தேன், நெய், ஏலக்காய், பேரீச்சை... அவ்வளவுதான். பழத்துல இருக்குற தண்ணியையும் சர்க்கரை இறுக்கிப் பிடிச்சு வச்சுக்கும். நுண்ணுயிர் ஒண்ணு அதுல வந்து விழுந்தா, குடிக்கத் தண்ணி கிடைக்காது. அதைவிடக் கொடுமை, அதோட உடம்புல இருக்குற தண்ணியும் வெளியே இழுக்கப்பட்டு, வத்தல் மாதிரி சுருங்கிடும். ஸ்கூல்ல படிச்ச சவ்வூடு பரவல்தான், வேற ஒண்ணும் இல்லை.

உப்பும் இதே வேலையைத்தான் பார்க்குது. நம்ம பாட்டி போடுற மாங்கா ஊறுகாய், கருவாடு, உப்புக்கண்டம் எல்லாத்துக்கும் பின்னாடி இருக்குறது இதே டெக்னிக். உப்பு போட்டா எந்தக் கிருமியும் வராது. கதை முடிஞ்சது.

முடியல பாஸ்! இங்கதான் ட்விஸ்ட்.

கருவாடு சில சமயம் செக்கச்செவேல்னு ஆகிப்போகும், பார்த்திருக்கீங்களா? எங்க மாவட்டத் தலைநகர் திண்டுக்கல்ல தோல் பதனிடுற ஷாப்புங்க நிறைய. அங்க பச்சைத் தோல் வந்து இறங்கினதும் கெட்டுப்போகாம இருக்க கல்லுப்பை அள்ளித் தேய்ச்சு அடுக்குவாங்க. வெயில் காலத்துல அப்படியே ரொம்ப நாள் கிடந்தா, தோலோட சதைப் பக்கத்துல சிவப்புத் திட்டு வரும். இது உலகம் பூரா தோல் தொழில்ல இருக்குற பழைய தலைவலி. கெடாம இருக்கப் போட்ட உப்போடயே வந்து இறங்குற ஆசாமியோட வேலை அது. உப்புதான் அவனுக்கு வீடு, தோலோட புரதம்தான் சாப்பாடு!

இந்த ஆசாமிகளுக்குப் பேர் உப்பு விரும்பிகள். வெயில்ல காய வச்சு எடுக்குற உப்புல இவங்க குடியிருப்பாங்க. 1934-ல கனடாவுல லாக்ஹெட்ங்கிற விஞ்ஞானி உப்புப் போட்ட தோல்ல இருந்து ஒண்ணைப் பிரிச்செடுத்து அதுக்கு 'கியூட்டிரூப்ரம்'னு பேர் வச்சார். லத்தீன்ல 'சிவப்புத் தோல்'னு அர்த்தம். இந்தப் பேரை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி வேலை இருக்கு.

நான் கொலைகாரன் ஆன கதை

மூணாவது வருஷம் மினி ப்ராஜெக்ட். கிளாஸ்ல பாதிப் பேர் தயிர்ல இருந்து பாக்டீரியா எடுத்தாங்க, மீதிப் பேர் காலேஜ் தோட்டத்து மண்ணுல இருந்து எடுத்தாங்க. நாங்க நாலு பேர் மட்டும் கெத்தா, "உப்பு விரும்பி மேடம்! புது இனம் கண்டுபிடிக்கப் போறோம்"னு சொல்லிட்டோம். எங்க கைடு மேடம் கண்ணாடியை இறக்கிப் பார்த்து, "முதல்ல பழைய இனத்தைக் கண்டுபிடிங்க"ன்னாங்க.

தூத்துக்குடி போனோம். உப்பளம் போனவங்களுக்குத் தெரியும். கடல் தண்ணி ஒரு லிட்டர்ல சுமார் 35 கிராம் உப்பு இருக்கும். அதைப் பாத்தி பாத்தியா மாத்தி விட்டு வெயில்ல காய வைப்பாங்க. கடைசிப் பாத்திக்கு வரும்போது அதைப்போல ஏழெட்டு மடங்கு உப்பு ஏறியிருக்கும். அந்தக் கடைசிப் பாத்தியில சில இடத்துல தண்ணி ரோஸ் மில்க் கலர்ல நிக்கும். நாங்க பாட்டில்ல பிடிச்சோம். உப்பு வாருற அக்கா ஒருத்தங்க, "இதை எதுக்குப்பா கொண்டு போறீங்க?"ன்னு சிரிச்சாங்க. வெயில்ல கண்ணு கூசி, கால் வெடிச்சு நிக்கிற அவங்க முன்னாடி, நாங்க கூலிங் கிளாஸ் போட்டு செல்ஃபி எடுத்துட்டு இருந்தது இப்ப நினைச்சாலும் கொஞ்சம் வெட்கமா இருக்கு.

லேபுக்கு வந்தாச்சு. மைக்ராஸ்கோப்ல பார்க்க ரொம்ப அடர்த்தியா இருந்தா தண்ணி விட்டு நீர்க்கச் செய்யணும். பாக்டீரியா லேப்ல ரெண்டு வருஷமா அதைத்தானே செஞ்சுட்டு இருக்கோம்? காய்ச்சி வடிச்ச, கிருமியே இல்லாத சுத்தமான தண்ணியை எடுத்து, பத்து மடங்கு, நூறு மடங்கு, ஆயிரம் மடங்குன்னு ஸ்டைலா கலக்கினேன். சிவப்பு நிறம் கொஞ்ச நேரத்துல ஒரு மாதிரி வெளிறின மாதிரி தெரிஞ்சது. மைக்ராஸ்கோப்ல பார்த்தா... வெறும் கஞ்சி. ஒரு செல்கூட இல்லை. தட்டுல தடவி வச்சோம். ஒரு வாரம், ரெண்டு வாரம், மூணு வாரம். சுத்தம்!

கடைசியில எங்க லேப் அண்ணன்தான் விஷயத்தை உடைச்சார். இருபது வருஷமா அந்த லேப்ல இருக்கார். "தம்பி, எதுல கலக்குனீங்க?"

"டிஸ்டில்டு வாட்டர்ண்ணா."

"அடப்பாவி... உப்பைத் தின்னவன் தண்ணி குடிச்சே ஆகணும்னு ஊர்ல சொல்வாங்க. இவன் தண்ணி குடிச்சா செத்துருவான்ப்பா! உப்புத் தண்ணியிலதான் கலக்கணும்."

பல்பு... ஆயிரம் வாட்ஸ் பல்பு!

ஏன் செத்தான்?

வெளியே அவ்வளவு உப்பு இருந்தா செல்லுக்குள்ள இருக்குற தண்ணி வெளியே ஓடிடும்னு பார்த்தோம்ல? உப்பு விரும்பி அதுக்கு ஒரு குறுக்கு வழி வச்சிருக்கு. வெளியே எவ்வளவு உப்போ, அதுக்கு ஈடா உள்ளேயும் உப்பை நிரப்பிக்கும். ஆனா வெளியே இருக்குறது சோடியம் குளோரைடு. உள்ளே நிரப்பிக்கிறது பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைடு. ரெண்டு பக்கமும் சமம் ஆயிட்டா தண்ணி எங்கேயும் ஓடாது.

அவ்வளவு உப்புக்குள்ள சாதாரண புரதம் எல்லாம் தயிர் திரிஞ்ச மாதிரி ஆயிடும். அதனால இவங்க புரதத்தோட மேல்பக்கம் முழுக்க எதிர் மின்னேற்றம் உள்ள அமினோ அமிலங்களா அடுக்கி வச்சிருக்கும். அது தண்ணியையும் உப்பையும் தன் மேல போர்வை மாதிரி பிடிச்சு வச்சுக்கும். பிரமாதமான டிசைன்! ஆனா உப்பை எடுத்துட்டா? போர்வை போச்சு, புரதம் குலைஞ்சுது, செல் சுவர் கழண்டுது, தண்ணி உள்ளே பாய்ஞ்சு செல் வெடிச்சுது. நான் செஞ்சது அதைத்தான். நல்ல தண்ணியில மூழ்கடிச்சுக் கொன்னுட்டேன்.

இன்னொரு விஷயம். இவங்கள்ல பெரும்பாலானவங்க பாக்டீரியாவே கிடையாது. 1977-ல அமெரிக்காவுல கார்ல் வோஸும் ஜார்ஜ் ஃபாக்ஸும், உயிர் உலகத்துல பாக்டீரியா, நம்மளை மாதிரி உட்கரு உள்ளவங்கன்னு ரெண்டு கிளை மட்டும் இல்லை, மூணாவதா ஒரு கிளை இருக்குன்னு சொன்னாங்க. அதுக்கு இப்ப ஆர்க்கியான்னு பேர். உப்பளத்துச் சிவப்புக்குப் பெரும்பங்கு காரணம் இந்தக் கிளைதான். அந்தச் சிவப்பு, கேரட் நிறமியோட ஒண்ணுவிட்ட சொந்தம். உப்பளத்து வெயிலைத் தாங்க அவங்க போட்டுக்கிற சன் ஸ்க்ரீன்!

24 வருஷம் காத்திருந்த சதுரம்

'புது இனம் கண்டுபிடிக்கிறது'ன்னா மைக்ராஸ்கோப்ல பார்த்து, "யுரேகா"ன்னு கத்துறதுன்னு நாம நினைப்போம். பார்க்குறது ஈஸி. நிரூபிக்கிறதுதான் பெண்டு நிமிர்த்தும்.

1980-ல ஆண்டனி வால்ஸ்பிங்கிற பிரிட்டிஷ் விஞ்ஞானி எகிப்தோட சினாய் கடற்கரையில ஒரு உப்புக்குட்டைத் தண்ணியைப் பார்த்தார். உள்ளே சதுரமா, தட்டையா, தபால் தலை மாதிரி உயிர்கள்! அதுவரைக்கும் நுண்ணுயிர்னா உருண்டை, குச்சி, ஸ்பிரிங்னுதான் எல்லாரும் பார்த்திருந்தாங்க. இப்படிப் பக்கா சதுரத்தை யாரும் பார்த்ததில்லை. உலகத்துல எங்கெங்க உப்பளத்துல பார்த்தாலும் இந்தச் சதுரம் கூட்டம் கூட்டமா மிதக்குது. ஆனா லேப்ல மட்டும் வளர மாட்டேங்குது. வளர்க்க முடியலைன்னா முறைப்படி பேர் வைக்க முடியாது.

எத்தனை வருஷம் தெரியுமா? 24 வருஷம்! 2004-லதான் ரெண்டு குழு தனித்தனியா வளர்த்தாங்க. ஒரு குழு ஸ்பெயின் உப்பளத்துல இருந்து எடுத்தது, இன்னொண்ணு ஆஸ்திரேலியா உப்பளத்துல இருந்து. ரகசியம் என்னன்னா, சாப்பாட்டைக் குறைச்சுக் கொடுத்துட்டு வாரக்கணக்குல பொறுமையா காத்திருந்தது. 2007-ல ரெண்டு குழுவும் சேர்ந்து பேர் வச்சாங்க: 'ஹேலோகுவாட்ராட்டம் வால்ஸ்பியி'. அதாவது, 'வால்ஸ்பியோட உப்புச் சதுரம்'. நாலு வருஷ டிகிரிக்கே அரியர் வச்சு அழற நமக்கு இது ஒரு பாடம்தானே?

புதுசா... பழசா?

சரி, தட்டுல ஒரு புள்ளி வளர்ந்துடுச்சு. அது புது இனம்னு எப்படிச் சொல்றது?

முதல் டெஸ்ட், 16எஸ் ஆர்.ஆர்.என்.ஏ. ஜீன். செல்லுக்குள்ள புரதம் தயாரிக்கிற மெஷினோட ஒரு பாகத்துக்கான குறிப்பு அது. சுமார் 1,500 எழுத்து இருக்கும். எல்லா பாக்டீரியாகிட்டயும் ஆர்க்கியாகிட்டயும் இருக்கும், ரொம்ப மெதுவாத்தான் மாறும். இந்த எழுத்துகளைப் படிச்சு, ஏற்கெனவே பேர் வாங்கின எல்லா இனத்தோடயும் ஒப்பிடணும். சுமார் 98.7 சதவீதத்துக்குக் கீழே ஒத்துப்போனா, 'புதுசா இருக்க சான்ஸ் இருக்கு'. அதுக்கு மேலேன்னா இன்னும் ஆழமா தோண்டணும்.

அடுத்து, முழு ஜீனோம். ரெண்டு ஜீனோமையும் துண்டு துண்டா ஒப்பிட்டா சராசரியா 95-96 சதவீதத்துக்குக் கீழே வரணும். வந்தா வேற இனம். அதுக்கப்புறம் உடம்பு டெஸ்ட். எவ்வளவு உப்புல வளருது, எவ்வளவுல சாகுது, எந்த வெப்பநிலை பிடிக்கும், எதைச் சாப்பிடும், சவ்வுல என்ன கொழுப்பு, எந்த மருந்துக்குப் பயப்படும்... கல்யாணத்துக்குப் பொண்ணு வீட்டுக்காரங்க விசாரிக்கிறதைவிட அதிகமா விசாரிப்பாங்க.

இதுல உப்பு விரும்பிகள் நம்மளை ஏமாத்தவும் செய்வாங்க. சாக்கடல்ல கிடைச்ச 'ஹேலோஆர்க்குலா மாரிஸ்மார்ட்டுயி'ன்னு ஒண்ணு. அதோட ஒரே செல்லுக்குள்ள இந்த 16எஸ் ஜீன் ஒண்ணுக்கு மேல இருக்கு, அதுவும் ஒண்ணுக்கொண்ணு சுமார் 5 சதவீதம் வித்தியாசத்தோட! விஷயம் தெரியாதவன் அதைப் படிச்சா, "ஆஹா, ரெண்டு இனம்"னு பார்ட்டி கொடுத்துடுவான். ஒரே ஆளுக்கு ரெண்டு ரேஷன் கார்டு கதை.

இன்னொரு பக்கம், முதல்ல சொன்ன 'சிவப்புத் தோல்' ஞாபகம் இருக்கா? அதுவும், வேற ரெண்டு பேர்ல தனித்தனி இனமா எழுதி வச்சிருந்ததும் ஒரே ஆள்தான்னு பின்னாடி தெரிஞ்சது. இப்ப மூணுக்கும் சேர்த்து 'ஹேலோபாக்டீரியம் சாலினாரம்'னு ஒரே பேர். பேர் வைக்கிறது மட்டும் இல்லை, வச்ச பேரை வாபஸ் வாங்குறதும் அறிவியல்தான்.

நம்ம ஊர் ஏரி... லோனார்

இதெல்லாம் வெளிநாட்டு மேட்டர்னு நினைக்காதீங்க. மகாராஷ்டிரா, புல்தானா மாவட்டத்துல லோனார்னு ஒரு ஏரி இருக்கு. விண்கல் விழுந்து எரிமலைப் பாறையில உண்டான பள்ளம். விட்டம் சுமார் 1.8 கிலோமீட்டர். 1823-ல ஆங்கிலேய அதிகாரி அலெக்சாண்டர் அதைப் பத்தி எழுதி வச்சார். ஏரித் தண்ணியில உப்பும் உண்டு, காரமும் உண்டு. காரம்னா மிளகாய்க் காரம் இல்லை பாஸ், சோப்புத் தண்ணி மாதிரி வழவழன்னு இருக்குமே, அந்தக் காரம். பி.ஹெச். பத்தை ஒட்டி நிக்கும். மீன் பிழைக்காது.

அந்தத் தண்ணியில இருந்து ஹைதராபாத் சி.சி.எம்.பி. விஞ்ஞானிகள் பாக்டீரியாக்களைப் பிரிச்செடுத்தாங்க. 2010-ல ஒண்ணுக்கு 'இண்டிபாக்டர் ஆல்கலிஃபிலஸ்'னு பேர் வச்சு உலகத்துக்கு அறிவிச்சாங்க. 'இந்தியாவோட குச்சி, காரம் விரும்பி'ன்னு அர்த்தம். புது இனம் மட்டும் இல்லை, அதுக்கு மேல ஒரு படி, புதுப் பேரினம்! அதே வருஷம் அதே ஏரியில இருந்து இன்னொரு பேரினம், 'நைட்ரிட்டேலியா ஹேலால்கலிஃபிலா'. அதுல 'ஹேல்'னா உப்பு. உப்பையும் காரத்தையும் விரும்புறது. உலகப் பட்டியல்ல நம்ம நாட்டுப் பேரும், நம்ம ஏரியோட குணமும் ஏறியாச்சு.

பத்து வருஷம் கழிச்சு 2020 ஜூன்ல ஏரியே ரோஸ் கலரா மாறிடுச்சு. ஊரடங்கு நேரம், டி.வி. பூரா அதுதான். மர்மம், அதிசயம், கலிகாலம்னு ஆளாளுக்கு அடிச்சு விட்டாங்க. விஷயம் மும்பை ஹைகோர்ட்டோட நாக்பூர் கிளை வரைக்கும் போச்சு. புனே அகார்க்கர் ஆராய்ச்சி நிறுவனம் தண்ணியை வாங்கிப் பார்த்துட்டுச் சொன்னது, 'ஹேலோஆர்க்கியா'. உப்பு ஏறினதும் சிவப்பு ஆசாமிகள் பெருகிட்டாங்க, அவ்வளவுதான். லேப்ல அந்தத் தண்ணியை அசையாம வச்சதும் செல்லெல்லாம் அடியில படிஞ்சு, மேல தண்ணி தெளிஞ்சுடுச்சு. அதே வருஷம் நவம்பர்ல லோனார் ராம்சார் ஈரநிலமாகவும் அறிவிக்கப்பட்டுச்சு.

பேர் வைக்கும் படலம்

நாங்க நாலு பேரும் கண்டுபிடிக்கிறதுக்கு முன்னாடியே பேரை முடிவு பண்ணிட்டோம். 'பழனியென்சிஸ்'! லத்தீன்ல 'என்சிஸ்'னு முடிச்சா 'அந்த ஊரைச் சேர்ந்தது'ன்னு அர்த்தம். மேடம் ஒரே வரியில முடிச்சாங்க. "தண்ணி எடுத்தது தூத்துக்குடி, பேர் மட்டும் பழனியா? முருகனே ஒத்துக்க மாட்டார்."

உங்க பேரை நீங்களே வச்சுக்கிறதும் மரபு கிடையாது. பேர் லத்தீன் இலக்கணப்படி இருக்கணும். அதுக்குன்னே இருக்குற சர்வதேச ஆய்விதழ்ல வெளியாகணும், இல்லை அதோட பட்டியல்ல ஏறணும். முக்கியமா, உயிரோட இருக்குற மாதிரியை ரெண்டு வேற வேற நாட்டுல இருக்குற நுண்ணுயிர் வங்கிகள்ல ஒப்படைக்கணும். நாளைக்கு யாரா இருந்தாலும் வாங்கிச் சோதிச்சுப் பார்க்கணும்ல? சண்டிகர்ல 1986-ல இருந்து அப்படி ஒரு வங்கி இருக்கு, புனேவுலயும் இருக்கு.

நம்ம நாட்டுல இன்னொரு படியும் உண்டு. 2002-ம் வருஷத்து பல்லுயிர்ச் சட்டப்படி, புதுசா கண்டுபிடிச்ச எந்த உயிரையும் அரசு குறிப்பிட்ட காப்பகத்துக்குத் தெரியப்படுத்தி மாதிரி கொடுக்கணும். வெளிநாட்டுக்கு அனுப்பவும் முறை உண்டு. இதைக் கவனிக்கிற தேசிய பல்லுயிர் ஆணையம் சென்னை தரமணியிலதான் இருக்கு. ஏன் இவ்வளவு கெடுபிடி? ஏன்னா, ஒரு உப்புக்குட்டை ஆசாமி நாளைக்கு கோடிக்கணக்குல சம்பாதிச்சுக் கொடுக்கலாம். அப்ப அந்தக் குட்டையோட சொந்தக்கார ஊருக்கும் பங்கு வேணும்ல?

சும்மா சொல்லலை. உப்பு விரும்பிங்க சவ்வுல வெளிச்சம் பட்டா வேலை செய்யுற ஒரு புரதம் இருக்குன்னு 1971-ல கண்டுபிடிச்சாங்க. எகிப்துல லோனார் மாதிரியே உப்பும் காரமும் சேர்ந்த ஏரியில கிடைச்ச 'நேட்ரோனோமோனாஸ் ஃபாராவோனிஸ்'கிட்ட அதோட சொந்தக்காரப் புரதம் ஒண்ணு இருந்துச்சு. 2007-ல அதை மூளை செல்லுக்குள்ள வச்சு, மஞ்சள் வெளிச்சம் அடிச்சு, அந்த செல்லைத் தற்காலிகமா அமைதியாக்கிக் காட்டினாங்க. ஏரி உப்புல கிடந்த ஒண்ணு, இன்னிக்கு மூளை ஆராய்ச்சிக்கு ஸ்விட்ச்!

எங்க ரிசல்ட்

ரெண்டாவது தடவை தூத்துக்குடி. இந்தத் தடவை கூலிங் கிளாஸ் இல்லை. அந்த அக்காவைத் தேடிப்போய், என்ன செய்யறோம்னு உட்கார்ந்து சொன்னோம். "எந்தப் பாத்தியில எப்ப செவக்கும்னு எனக்குத் தெரியாதா?"ன்னு கூட்டிட்டுப் போய்க் காட்டினாங்க. முதல் தடவையே கேட்டிருக்கலாம்.

இந்தத் தடவை உப்புத் தண்ணியிலேயே கலக்கினோம். லிட்டருக்கு 200 கிராமுக்கு மேல உப்பு போட்ட அகார் தட்டு. காய்ஞ்சு உப்புப் படிகம் வந்துடாம இருக்க பிளாஸ்டிக் கவர்ல கட்டி, இன்குபேட்டர்ல வச்சோம். பன்னிரண்டாவது நாள், குங்குமத்தைத் தெளிச்ச மாதிரி குட்டிக் குட்டிப் புள்ளிங்க! லேப்ல நாங்க போட்ட ஆட்டத்துல பக்கத்து கிளாஸ்ல இருந்து சார் எட்டிப் பார்த்தார்.

ஒண்ணைப் பிரிச்சு, நாலு பேர் பாக்கெட் மணியும் சேர்த்து, 16எஸ் படிக்க அனுப்பினோம். பத்து நாள் சாப்பாடு இறங்கல. ரிசல்ட் வந்தது. ஏற்கெனவே பேர் வாங்கின ஒரு இனத்தோட 99 சதவீதத்துக்கு மேல ஒத்துப்போகுது.

புதுசு இல்லை.

ஒருத்தனும் பேசலை. அன்னிக்கு ராத்திரி மெஸ்ஸுல மேடம் சொன்னதைத்தான் நினைச்சுட்டு இருந்தேன். 'முதல்ல பழைய இனத்தைக் கண்டுபிடிங்க.' அதைத்தான் கண்டுபிடிச்சிருக்கோம். மறுநாள் அவங்ககிட்ட போனப்ப, "99-ன்னா முடிஞ்சதுன்னு யார் சொன்னா? ஜீனோம் பார்க்காம புதுசுன்னும் சொல்ல முடியாது, பழசுன்னும் சத்தியம் பண்ண முடியாது. ரிப்போர்ட்ல உள்ளது உள்ளபடி எழுதுங்க"ன்னாங்க. எழுதினோம். டிஸ்டில்டு வாட்டர் கொலையையும் சேர்த்து!

திண்டுக்கல் பக்கத்துக் கிணறு

இதோட விட்டிருப்பேன். விடாததுக்குக் காரணம் அந்த பஞ்சாமிர்தக் கேள்வி கேட்ட ரூம்மேட். அவன் ஊர் திண்டுக்கல் பக்கம். ரிப்போர்ட்டைப் படிச்சுட்டு ராத்திரி கேட்டான். "டேய், உங்க ஆளுங்க அந்த உப்புல உயிரோட இருக்காங்கன்னா, எங்க கிணத்துக்கு ஏதாவது பண்ணுவாங்களா?"

அவங்க தாத்தா காலத்துல வெங்காயமும் தக்காளியும் போட்ட தோட்டம். இப்ப கிணத்துத் தண்ணி வாயில வச்சா கரிக்குது. தோல்ல தேய்ச்ச அத்தனை உப்பும், பதனிடுறதுக்கு முன்னாடி ஊற வச்சுக் கழுவும்போது தண்ணியோட வெளியே வந்தாகணும்ல? பல வருஷமா அந்தத் தண்ணி மண்ணுல இறங்கினதோட விளைவை திண்டுக்கல் நிலத்தடி நீரை ஆராய்ஞ்சவங்க நிறைய எழுதியிருக்காங்க. தோல் ஷாப்புல வேலை பார்த்துத்தான் அவங்க அப்பா இவனைப் படிக்க வைக்கிறார்ங்கிறது இன்னொரு பக்கம். யாரைத் திட்டுறதுன்னு அவனுக்கே தெரியாது.

நான் உண்மையைச் சொன்னேன். நுண்ணுயிர் உப்பைத் தின்னு தீர்க்காது. அது உப்புக்குள்ள வாழும், அவ்வளவுதான். உப்பை எடுக்க வேற வழிதான் பார்க்கணும். ஆனா கழிவுத் தண்ணியில உப்போட கொழுப்பு, புரதம், ரத்தம்னு மத்த அழுக்கும் இருக்கும். சுத்திகரிப்புத் தொட்டியில இருக்குற சாதாரண பாக்டீரியா அவ்வளவு உப்பைத் தாங்காது, சுருண்டுடும். உப்பு தாங்குறவங்க அந்த அழுக்கைத் தின்னு தீர்ப்பாங்க. உலகத்துல பல லேப்ல இதுக்கான ஆராய்ச்சி நடக்குது. சென்னையில 1948-ல ஆரம்பிச்ச மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கு. உப்பைக் குறைச்சுத் தோலைப் பாதுகாக்குற வழிகளைத் தேடுறதும் அங்க நடக்குற வேலைதான்.

"அப்ப முழுசா சரி ஆகாது?"ன்னான்.

"ஆகாது. பாதி வேலைக்கு உதவலாம்."

கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, "பாதின்னாலும் பரவாயில்லடா"ன்னான்.

அதனால ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் முடிவாயிடுச்சு. தோல் கழுவின தண்ணியைக் காய வைக்கிற தொட்டியில இருக்குற உப்புல யார் யார் குடியிருக்காங்கன்னு கணக்கெடுக்கப் போறோம். அது புதுசா, பழசாங்கிறது ரெண்டாவது கேள்வி. அழுக்கைத் தின்னுமாங்கிறதுதான் முதல் கேள்வி. இந்தத் தடவை டீம்ல ரூம்மேட்டும் உண்டு. அவன் மெக்கானிக்கல், ஆனா தொட்டி டிசைன் பண்ண ஆள் வேணும்ல?

உங்களுக்கும் சான்ஸ் இருக்கு ஃப்ரெண்ட்ஸ். மரக்காணம், வேதாரண்யம், தூத்துக்குடின்னு நம்ம கடற்கரை பூரா உப்பளம். சிவந்த பாத்தியோ, சிவந்த கருவாடோ கண்ணுல பட்டா மூக்கைப் பொத்திட்டு ஓடாதீங்க. தேதி, இடம், வெயில், தண்ணியோட நிறம், எல்லாத்தையும் நோட்டுல குறிச்சு வைங்க. அங்க வேலை செய்யுறவங்ககிட்ட முதல்ல கேளுங்க. உங்க காலேஜ் நுண்ணுயிர் லேபுல ஒரு மேடமோ சாரோ கண்டிப்பா கேட்டுப்பாங்க.

ஒரே ஒரு கண்டிஷன். டிஸ்டில்டு வாட்டர் மட்டும் வேணாம்!

சரி, டப்பா காலி. அம்மாவுக்குப் போன் போடணும். அடுத்த வாரம் பார்ப்போம்... வரட்டா?